மோட்டார்ஹோமில் லித்தியம் பேட்டரிக்கு டிசி-டிசி சார்ஜர் பொருத்துதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் மோட்டார்ஹோம்களில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில், பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோ வண்டியின் அடித்தளத்தின் மீது கட்டப்பட்டவை. அவற்றில் இரண்டு பேட்டரிகள் உண்டு. இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரி, முன் இருக்கைக்கு எதிரே, இடப்பக்கக் கால்வைக்கும் இடத்தின் தரைக்கு அடியில் இருக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி ஆகியவற்றை இயக்கும் வீட்டு பேட்டரி, பல வண்டிகளில் இருக்கைக்கு அடியிலோ பின்புறச் சாமான் அறையிலோ இருக்கும். இந்த இரண்டாவது பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியம் பேட்டரியை வைப்பவர்கள் இப்போது ஏராளம். ஈய-அமில வகையைச் சேர்ந்த 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி சுமார் 28 கிலோ எடையிருக்க, அதே கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி 12 கிலோ அளவில் முடிந்துவிடுகிறது. மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டக்கூடாது என்ற உரிம வரம்புக்குள் வண்டியை வைத்திருக்க வேண்டியவர்களுக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல. ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, அதைச் சார்ஜ் செய்யும் பழைய ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது. வண்டி ஓடும்போது இன்ஜினால் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதை லித்தியம் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டிலும் அளவான ஆம்பியரிலும் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரை, சிலர் பி2பி என்றும் பூஸ்டர் என்றும் அழைக்கும் அந்தப் பெட்டியை, எப்படித் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் விக்ட்ரான் நிறுவனத்தின் ஓரியான்-டிஆர் ஸ்மார்ட் 12/12-30 சார்ஜரும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்கிறேன். வோட்ரானிக், ஸ்டெர்லிங், ரெட்ஆர்க் போன்ற பிற தயாரிப்புகளுக்கும் அடிப்படை இதுதான். முனையங்களின் பெயரும் அமைப்புகளும் மாறும். 230 வோல்ட் மின்சாரம் வரும் பக்கத்தை இந்த வேலையில் தொட வேண்டியதில்லை. தொட வேண்டிய தேவை வந்தால் அதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

பழைய ஏற்பாடு ஏன் போதாது

பழைய ஏற்பாட்டில் இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே ரிலே என்ற மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். இன்ஜின் ஓடும்போது அது மூடிக்கொண்டு இரண்டையும் நேராக இணைத்துவிடும். ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்வதால் இந்த முறை பல பத்தாண்டுகள் தொல்லையின்றி ஓடியது. லித்தியம் பேட்டரியின் உள்மின்தடை மிகக் குறைவு. காலியாக இருந்தால், ஆல்டர்னேட்டரும் வயரும் கொடுக்கக்கூடிய அத்தனை ஆம்பியரையும் அது இழுத்துக்கொள்ளும். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகவே சுழலும் என்பதால் அதற்குக் குளிர்ச்சி கிடைக்காது. அந்த நேரத்தில் முழுச் சுமை விழுந்தால் உள்ளிருக்கும் செப்புச் சுற்றுகள் கருகக்கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. யூரோ 6 புகை விதிகளுக்கு ஏற்பத் தயாரான வண்டிகளில் பலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் என்ற வகை வருகிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, ஸ்டார்ட்டர் பேட்டரி நிரம்பியதும் அது தன் வோல்ட்டை 12.5 அளவுக்கு இறக்கிவிடும்; இறக்கத்தில் வண்டி தானே உருளும்போது 15 வோல்ட் வரை ஏற்றவும் செய்யும். லித்தியம் பேட்டரி முழுமையாக நிரம்ப 14.2 முதல் 14.6 வோல்ட் வரை வேண்டும். முதல் நிலையில் அது நிரம்பாது. இரண்டாவது நிலையில் அதன் பாதுகாப்பு மின்சுற்றான பிஎம்எஸ் குறுக்கிட்டுத் துண்டிக்கும். டிசி-டிசி சார்ஜர், உள்ளே வரும் வோல்ட் இப்படி ஏறி இறங்கினாலும், வெளியே 14.2 வோல்ட் வரை கொடுக்கும். 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கவும் விடாது.

எத்தனை ஆம்பியர், எந்த வகை

பேட்டரியின் கையேட்டில் அதிகபட்சச் சார்ஜ் மின்னோட்டம் என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்குக் கொள்ளளவில் பாதி, அதாவது 100 ஆம்பியர்-மணிக்கு 50 ஆம்பியர் வரை ஏற்புடையது. 30 ஆம்பியர் சார்ஜர் காலியான 100 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்றரை மணி நேர ஓட்டத்தில் நிரப்பிவிடும். அதற்கு மேல் வேண்டும் என்றால் முதலில் ஆல்டர்னேட்டரின் திறனைப் பாருங்கள். வண்டிக்கே விளக்கு, இன்ஜின் கணினி, ஏசி என்று தேவைகள் உள்ளன. ஆல்டர்னேட்டரின் திறனில் பாதிக்கு மேல் வீட்டு பேட்டரிக்கு ஒதுக்காமல் இருப்பது நல்லது. முதன்முறை செய்பவர்கள் 50, 60 ஆம்பியர் பெட்டியில் ஆசை வைப்பதைவிட 30 ஆம்பியரில் நிற்பதே நல்லது என்பது என் கருத்து. வயரும் மெலிதாகும், வெப்பமும் குறையும்.

உள்பக்க நெகட்டிவும் வெளிப்பக்க நெகட்டிவும் பிரிந்திருக்கும் ஐசொலேட்டட், இரண்டும் ஒன்றாக இருக்கும் நான்-ஐசொலேட்டட் என்று இரண்டு வகை விற்கிறார்கள். மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவும் வண்டியின் உடலோடு இணைந்திருப்பதால் நான்-ஐசொலேட்டட் வகையே போதும். மற்றது ஃபைபர் உடல் கொண்ட படகுகள் போன்ற இடங்களுக்கானது.

வயரும் ஃபியூஸும்

30 ஆம்பியர் வெளியே கொடுக்க வேண்டுமானால் உள்ளே அதைவிட அதிகம் வர வேண்டும். 14.2 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்பது 426 வாட். இந்தச் சார்ஜரின் திறன் 87 விழுக்காடு என்பதால் உள்ளே சுமார் 490 வாட் போகிறது. 13 வோல்ட்டில் அது 38 ஆம்பியருக்கு அருகில் வரும். ஆகவே உள்வரும் வயரை 40 ஆம்பியருக்குக் கணக்கிட வேண்டும்.

செம்பு வயரின் மின்தடையை ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுக்கு, ஒரு மீட்டருக்கு 0.0175 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து சார்ஜர் வரை 3 மீட்டர் என்றால், போகவும் வரவும் 6 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டரில் 0.42 வோல்ட்; 16 சதுர மில்லிமீட்டரில் 0.26 வோல்ட். சார்ஜர்தான் வோல்ட்டை ஏற்றிவிடுமே, வழியில் கொஞ்சம் இறங்கினால் என்ன என்று தோன்றலாம். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் 12.5 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில் 0.7 வோல்ட் தொலைந்தால் சார்ஜருக்கு 11.8 தான் கிடைக்கும். இன்ஜின் நின்றுவிட்டது என்று எண்ணி அது அணைந்துவிடும். ஆகவே 3 மீட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டரும், பேட்டரி பின்புறச் சாமான் அறையில் இருந்து தூரம் 6 மீட்டர் ஆகுமானால் 25 சதுர மில்லிமீட்டரும் வாங்குங்கள். விலை குறைவு என்று இணையத்தில் கிடைக்கும் வயர்களில் சில, செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். வெட்டிய முனையில் கம்பியின் உட்புறம் வெள்ளையாகத் தெரிந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஃபியூஸ் வைக்கும் இடத்தைப் பற்றிப் புதியவர்கள் பலர் கவலைப்படுவதில்லை. வழக்கமான வயரில் மின்சாரம் வரும் முனை ஒன்றுதான். இங்கே வயரின் இரு கோடிகளிலும் பேட்டரிகள் இருக்கின்றன. நடுவில் எங்காவது காப்புறை தேய்ந்து வயர் வண்டியின் உடலைத் தொட்டால் இரு பக்கமிருந்தும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். எனவே ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஒன்றும், வீட்டு பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஒன்றும் ஆக இரண்டு ஃபியூஸ்கள் வேண்டும். இந்தச் சார்ஜருக்கு, போல்ட்டில் திருகி மாட்டும் 60 ஆம்பியர் மிடி வகை பொருந்தும். 16 சதுர மில்லிமீட்டர் வயரையும் அது காக்கும். கார்களில் பார்க்கும் சிறிய பிளேடு வகை ஃபியூஸ் இடைவிடாத 40 ஆம்பியரில் பிடிப்பானோடு சேர்ந்து உருகுவதுண்டு, அது வேண்டாம்.

லக் அடிப்பதை, அதாவது வயரின் முனையில் உலோக வளைய முனையத்தை அழுத்திப் பொருத்துவதை, அவசரமாகச் செய்யாதீர்கள். வயரின் முனையை லக்கின் குழிவுக்குச் சமமான நீளத்துக்குச் சீவி, ஒரு இழைகூட வெளியே நிற்காமல் உள்ளே செருகி, ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் வயரின் அளவுக்குரிய அச்சை வைத்து அழுத்த வேண்டும். சரியாக அழுந்திய லக்கை நடுவில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் இழைகள் தனித்தனியாகத் தெரியாது. திடமான ஒரே செம்புத் துண்டு போலிருக்கும். முதல் லக்கை வீணடித்து இந்தச் சோதனையைச் செய்துவிடுவது வெகு நல்லது. ஈயப் பற்றவைப்பு இங்கே உதவாது. வண்டியின் அதிர்வில் பற்றவைத்த இடத்துக்கு அடுத்து வயர் முறியும்.

வேலையைத் தொடங்குதல்

கேம்ப்சைட்டின் மின்இணைப்பைப் பிடுங்குங்கள். பிறகு சோலார் தகடுகளின் இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரியை முதலில் கழற்றிவிட்டுச் சோலாரை விட்டுவைத்தால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுவிடும். அதன் பின் வீட்டு பேட்டரியின் நெகட்டிவ், கடைசியாக ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ். கைகளில் மோதிரமோ உலோகக் கைக்கடிகாரமோ இருக்க வேண்டாம்.

சார்ஜர் இருக்கும் இடம் வீட்டு பேட்டரிக்கு அருகில், காற்று நடமாடும் இடமாக இருக்க வேண்டும். முழு ஓட்டத்தில் அது 60 வாட் குண்டு பல்ப் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடும். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூழல் சூடானால் தானே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். போர்வைகளும் செருப்புகளும் அடைத்த இருக்கைப் பெட்டிக்குள் வைத்தால் கோடையில் 30 ஆம்பியரை எதிர்பார்க்க முடியாது. செங்குத்தாக, மேலும் கீழும் ஒரு கையகலம் இடம் விட்டுத் திருகுங்கள். தரையிலோ சுவரிலோ துளையிடுவதற்கு முன் மறுபக்கத்தைப் பார்த்துவிடுங்கள். எரிவாயுக் குழாயும் டீசல் குழாயும் அடியில்தான் ஓடுகின்றன.

வயரை இழுக்கும்போது, உலோகத் தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போட்டு, நெளிகுழாய்க்குள் செலுத்தி, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் கட்டுங்கள். நெகட்டிவைப் பொறுத்தவரை டுகாட்டோவில் ஒரு கவனம் தேவை: ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் பொருத்திய மாதிரிகள் உள்ளன. புதிய நெகட்டிவ் வயரை நேராக அந்த முனையில் மாட்டினால் சென்சாரைத் தாண்டி மின்சாரம் போய்வரும். வண்டியின் கணினி பேட்டரியின் நிலையைத் தவறாகக் கணக்கிடும். அருகிலுள்ள உடல் எர்த் போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பான உலோகம் தெரிந்த பின் மாட்டுங்கள். வீட்டு பேட்டரிப் பக்கத்தில் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் இருந்தால், சார்ஜரின் நெகட்டிவ் ஷன்டின் வண்டிப் பக்க முனைக்குப் போக வேண்டும், பேட்டரி பக்கத்துக்கு அல்ல.

பழைய ரிலேயை விலக்குதல்

மொத்த வேலையிலும் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே இனிமேல் ஒரே பாதைதான் இருக்க வேண்டும். அது புதிய சார்ஜர் வழியாகச் செல்ல வேண்டும். பழைய ரிலேயும் மூடிக்கொண்டால், சார்ஜர் வெளியே அனுப்பும் 14.2 வோல்ட் அந்த ரிலே வழியாகத் திரும்பி உள்வாசலுக்கே வந்துவிடும். மின்சாரம் வட்டமடிக்கும், பேட்டரி நிரம்பாது, பெட்டி மட்டும் சூடாகும்.

தனி ரிலே உள்ள வண்டியில் அதன் கட்டுப்பாட்டு வயரைக் கழற்றி முனையை மூடிவிட்டால் போதும். ஜெர்மன் மோட்டார்ஹோம்கள் பலவற்றில் ஷௌட் நிறுவனத்தின் எலெக்ட்ரோபிளாக் என்ற பெட்டி இருக்கும். ரிலே, 230 வோல்ட் சார்ஜர், ஃபியூஸ்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியவை. அதற்கு வரும் டி பிளஸ் வயர், இன்ஜின் ஓடுகிறது என்ற சைகையைக் கொண்டுவருவது. அதை வெட்டிவிட்டால் ரிலே மூடாது என்பது உண்மைதான். ஆனால் ஓடும்போது 12 வோல்ட்டில் வேலை செய்யும் உறிஞ்சு வகைக் குளிர்பெட்டிக்கும் அதே சைகைதான் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. வெட்டிய பின் குளிர்பெட்டி ஓட்டத்தில் குளிராது; பல மாடல்களில் நுழைவுப் படியின் எச்சரிக்கையும் போய்விடும். ஆகவே உங்கள் எலெக்ட்ரோபிளாக்கின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் மின்சுற்று வரைபடத்தில் குளிர்பெட்டிக்கான மின்சாரம் எந்த வயரில் வருகிறது, பேட்டரிகளை இணைக்கும் ரிலே எந்த வயரில் இருக்கிறது என்பதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்த பிறகே எதையும் கழற்றுங்கள். வரைபடம் புரியவில்லை என்றால் இந்த ஒரு மணி நேர வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுவது செலவே அல்ல.

ரிலே உண்மையில் விலகிவிட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு. எல்லாவற்றையும் இணைத்த பின், சோலாரைக் கழற்றி வைத்த நிலையிலேயே, சார்ஜரை அதன் கைபேசிச் செயலியில் அணைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்புங்கள். வீட்டு பேட்டரியின் வோல்ட் 13.2, 13.3 என்று அசையாமல் நின்றால் பழைய பாதை துண்டாகிவிட்டது. இன்ஜின் கிளம்பியதும் அது 14-ஐ நோக்கி ஏறினால் எங்கோ பழைய பாதை இன்னும் இணைந்தே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை சார்ஜரை இயக்க வேண்டாம்.

சைகை வயர், அமைப்புகள், முதல் ஓட்டம்

சார்ஜர் எப்போது தொடங்க வேண்டும் என்பதை வோல்ட்டை வைத்துத் தானே ஊகிக்கவும் செய்யும். செயலியில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டருக்கும் சாதாரண ஆல்டர்னேட்டருக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. ஆயினும் வோல்ட் ஏறி இறங்கும் வண்டிகளில் ஊகத்தை நம்புவதைவிட, டி பிளஸ் சைகையை ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில், 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கொண்டுவந்து, கையேட்டின் வரைபடம் காட்டும் ரிமோட் முனையத்தில் மாட்டுவதே உறுதியானது. டி பிளஸ் சைகை வலுவற்றது; அதைக் கிளைபிரித்து வேறு கருவிகளுக்கும் கொடுத்துச் சுமையேற்றக் கூடாது.

இணைக்கும் வரிசை கழற்றியதற்கு நேர் எதிரானது. பாசிட்டிவ்களை மாட்டி, ஃபியூஸ்களைக் கடைசியில் போட்டு, சோலாரை மட்டும் ரிலே சோதனை முடியும் வரை இணைக்காமல் வையுங்கள். செயலியில் பேட்டரி வகையை லித்தியம் என்று தேர்ந்தெடுத்தால் நிரப்புவதற்கான 14.2 வோல்ட்டும், நிரம்பிய பின் தக்கவைப்பதற்கான 13.5 வோல்ட் ஃப்ளோட்டும் தானே வந்துவிடும். உங்கள் பேட்டரியின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டின் எண்ணையே வையுங்கள். சோலார் கன்ட்ரோலரையும் 230 வோல்ட் சார்ஜரையும் மறந்துவிடாதீர்கள். பழைய சார்ஜர்களில் உள்ள டி-சல்ஃபேஷன், ஈக்வலைசேஷன் என்ற கட்டங்கள் 15 வோல்ட்டைத் தாண்டுபவை; ஈய-அமிலத்துக்கு மருந்தாக அமைந்தவை அவை, லித்தியத்துக்கு ஆகாதவை. அவற்றை அணைக்க வழியில்லாத சார்ஜரை மாற்றிவிட வேண்டும்.

சோதனைக்குப் பேட்டரி பாதியளவாவது காலியாக இருக்கட்டும். நிரம்பிய பேட்டரியில் சார்ஜர் இரண்டு மூன்று ஆம்பியர்தான் கொடுக்கும்; அதைப் பார்த்துப் பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இன்ஜின் ஓடும்போது டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை உள்வரும் வயரில் மாட்டினால் 35 முதல் 40 ஆம்பியரும், வெளிச்செல்லும் வயரில் 30 ஆம்பியரும் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் சார்ஜரின் உள்வாசல் பாசிட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை நேராக வைத்துப் பாருங்கள்; பாசிட்டிவ் வயர் மட்டும் தின்னும் வோல்ட் அதில் தெரியும். மேலே கணக்கிட்ட 0.26-இல் பாதி, அதாவது 0.13 அளவில் இருந்தால் சரி; ஃபியூஸும் பிடிப்பானும் சேர்ந்து சற்றுக் கூடலாம். அதைவிட இரண்டு மடங்கு காட்டினால் ஒரு லக்கோ ஃபியூஸ் பிடிப்பானோ சரியாகப் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் சுட்டால், அந்த லக்கை வெட்டிப் புதிதாக அடியுங்கள்.

பனிக்காலத்தில் நார்வே, ஆல்ப்ஸ் என்று போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உலோக லித்தியம் மின்வாயின் மேல் படிந்து, கொள்ளளவு மீளாமல் குறையும். குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் வசதி பிஎம்எஸ்ஸில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்; இருந்தால், காலையில் வண்டியைக் கிளப்பிய சிறிது நேரத்துக்குச் சார்ஜர் 0 ஆம்பியர் காட்டுவது பழுதல்ல. இல்லையென்றால் பேட்டரியை ஹீட்டரின் சூடு எட்டும் இருக்கைப் பெட்டிக்குள் வைப்பதோடு, அதற்கொரு வெப்பநிலை சென்சாரும் துண்டிக்கும் ரிலேயும் சேர்க்க வேண்டும். சார்ஜர் இருக்கும் இடம் குளிர்ச்சியாக இருப்பதுதான் நல்லது என்பதால், இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் நடுவில் பலகை வைத்துப் பிரித்துவிடலாம்.

முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும் எல்லா நட்டுகளையும் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். அதிர்வில் சில கால் சுற்று தளர்ந்திருக்கும். ஃபியூஸ்கள் இருக்கும் இடத்தையும், எந்த ரிலே வயர் எங்கே கழற்றி மூடப்பட்டிருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி எலெக்ட்ரோபிளாக்கின் மூடிக்குள் ஒட்டுங்கள். அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விடும்போது, கழன்று கிடக்கும் அந்த வயரைப் பார்த்து யாராவது நல்லெண்ணத்தோடு திரும்ப மாட்டிவிடாமல் இருக்க அந்தத் தாள் வேண்டும்.